அகலத்தை விற்கிறார்கள், உயரத்தை அளந்து வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவில் மானிட்டர் கேட்டுப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை இஞ்ச் சார்?" வழக்கமான 16:9 (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) மானிட்டர் வாங்குவோருக்கு இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். எல்லாவற்றுக்கும் வடிவம் ஒன்றே என்பதால், இஞ்ச் கூடினால் அகலமும் உயரமும் சேர்ந்தே கூடும். அல்ட்ராவைடு எனப்படும் அகலத்திரை மானிட்டரிடம் இந்தக் கணக்கு செல்லாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இஞ்ச், மூலைக்கு மூலை இழுத்த கோட்டின் நீளம். திரை பக்கவாட்டில் நீள நீள, அந்தக் கோட்டுக்குக் கிடைக்கும் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும்.

டேப் வைத்து அளந்தால் விஷயம் விளங்கும். 34 இஞ்ச் அல்ட்ராவைடு ஏறத்தாழ 80 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம். சாதாரண 32 இஞ்ச் மானிட்டர் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பெருக்கிப் பார்த்தால் '32' தான் '34'-ஐ விடப் பெரிய திரை. உயரத்தில் 34 இஞ்ச் அல்ட்ராவைடுக்குச் சமமானது 27 இஞ்ச் மானிட்டர். அதே உயரம், பக்கவாட்டில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 29 இஞ்ச் அல்ட்ராவைடு வாங்கினால் கிடைப்பது 23 இஞ்ச் மானிட்டரின் உயரம். இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது. அகலத்தைக் காட்டி விற்கும் பொருளை, உயரத்தையும் புள்ளி நெருக்கத்தையும் பார்த்து வாங்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே நடுத்தர விலை என்று நான் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 25,000 முதல் 50,000 ரூபாய் வரை. இந்த எல்லைக்குள் தேர்வு செய்பவர் எதை எப்படி எடைபோட வேண்டும் என்பதே கேள்வி.

சினிமாவிலிருந்து வந்த வடிவம்

இந்த நீளவாக்குச் சட்டகம் பிறந்தது திரையரங்கில். வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்ததும் கூட்டம் குறைவதைக் கண்ட ஹாலிவுட், 1953-இல் 'தி ரோப்' படத்தின் மூலம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அந்த அகல விகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணத்தில் பிலிப்ஸ் நிறுவனம் 2009-இல் 21:9 தொலைக்காட்சியை விற்றுப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. ஒளிபரப்பில் வரும் செய்தி, தொடர், கிரிக்கெட் எல்லாம் 16:9. வாங்கியவரின் திரையில் இரண்டு பக்கமும் பெரும்பாலான நேரம் கறுப்பாகவே கிடந்தது.

தொலைக்காட்சியில் தோற்ற வடிவம் மேசையில் வென்றது. 2012-இன் கடைசியில் எல்ஜி 29 இஞ்ச், 2560×1080 புள்ளிகள் கொண்ட மானிட்டரைக் கொண்டுவந்தது. 2014-இல் 34 இஞ்ச், 3440×1440 வந்தது. அதே ஆண்டில் வளைந்த திரையும் வந்தது. கணினியில் நாம் ஒரே படத்தை முழுத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இந்தப் பக்கம் பிரவுசர், அந்தப் பக்கம் எக்செல், ஓரத்தில் வாட்ஸ்அப் என்று ஜன்னல்களை அடுக்குகிறோம். அகலத்துக்கு அங்கேதான் வேலை இருந்தது.

ஆகவே 'படம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்' என்பதற்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்கோப் படம் திரை நிறைய வரும் என்பது உண்மை. ஆனால் பல நேரம் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையும் படத்தோடு சேர்ந்தே 16:9 சட்டகமாக வந்து சேர்கிறது. அப்போது நான்கு பக்கமும் கறுப்புச் சூழ, நடுவில் சின்னதாகப் படம் ஓடும். கிரிக்கெட் ஓடும்போது 3440 புள்ளி அகலத்தில் 2560 மட்டுமே பயன்படும். இடம் 440, வலம் 440 சும்மா கிடக்கும்.

மூன்று சுழியும் இரண்டு சுழியும்

அடுத்தது புள்ளி நெருக்கம். ஒரு இஞ்ச் நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் எழுத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது. 34 இஞ்சில் இரண்டு வகை மானிட்டர்கள் விற்பனையில் உள்ளன. 2560×1080 வகையில் இஞ்சுக்கு 82 புள்ளி. 3440×1440 வகையில் 110 புள்ளி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலையில் சில ஆயிரம் வித்தியாசம் என்பதால் முதல் வகையின் மீது கை போகும்.

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் 82 புள்ளியை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துக்கு அது போதாது. மூன்று சுழி 'ண'வையும் இரண்டு சுழி 'ன'வையும் சிறிய எழுத்தளவில் பிரித்துக் காட்ட வேண்டும். 'ஞ', 'ஐ', 'ஊ' போன்றவற்றின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டும். மெய்யின் தலையில் புள்ளி தெரிய வேண்டும். நல்ல பார்வையுள்ள கண், 70 செ.மீ. தூரத்தில் சுமார் 0.2 மி.மீ. அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். 82 புள்ளித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் 0.31 மி.மீ.; படிக்கட்டுபோல விளிம்பு தெரியத்தான் செய்யும். 110 புள்ளித் திரையில் அது 0.23 மி.மீ. எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்காமல் அப்படியே பயன்படுத்தவும் இந்த அளவு பொருந்தும்.

எனவே 34 இஞ்ச் என்றால் 3440×1440 மட்டுமே. 2560×1080 வேண்டுமென்றால் 29 இஞ்சோடு நிற்க வேண்டும். அங்கே அது இஞ்சுக்கு 96 புள்ளியாகிறது. ஆனால் 1080 புள்ளி உயரத்தில், மேலே பிரவுசர் பட்டையும் கீழே டாஸ்க்பாரும் எடுத்துக்கொண்டது போக, ஒரு பக்கக் கடிதத்தை முழுதாகப் பார்க்க முடியாது. நாள் முழுவதும் பக்கத்தை உருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஐபிஎஸ், விஏ, ஓலெட்

இந்த விலையில் நடக்கும் பெரிய வாக்குவாதம் பேனல் வகையைப் பற்றியது. மூன்றில் குறையற்றது எதுவும் இல்லை. எந்தக் குறையோடு வாழ நம்மால் முடியும் என்பதே தேர்வு.

ஐபிஎஸ் பேனலில் நிறம் நம்பகமாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறாது. அதன் குறை கறுப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1000-க்கு 1. விளக்கணைத்த அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். மூலைகளில் மங்கிய ஒளி கசியும். இதைச் சரிசெய்ய எல்ஜி டிஸ்ப்ளே உருவாக்கிய ஐபிஎஸ் பிளாக் என்ற வகை 2022-இல் டெல் மானிட்டர்களில் வந்தது. அதில் வேறுபாடு இரு மடங்கு, 2000-க்கு 1. ஆனால் விலையும் நம் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பு; வேறுபாடு 3000-க்கு 1 அல்லது அதற்கு மேல். விலையும் குறைவு. 34 இஞ்சில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். இரண்டு குறைகள் உண்டு. இருண்ட நிறத்திலிருந்து இன்னோர் இருண்ட நிறத்துக்கு மாறப் புள்ளிகள் தாமதிக்கும். கறுப்புப் பின்னணியில் எழுத்தை வேகமாக உருட்டினால் மை இழுத்ததுபோல ஒரு தீற்றல் பின்னால் வரும். அடுத்தது, சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளிறும். இவ்வளவு அகலமான திரையில் நேர் எதிரே உட்கார்ந்தாலும் ஓரங்கள் நமக்குச் சாய்வாகத்தான் இருக்கின்றன. விஏ அல்ட்ராவைடுகள் பெரும்பாலும் வளைந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓலெட் பேனலில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. கறுப்பு என்றால் ஒளியே இல்லை. 2022-இல் ஏலியன்வேர் பெயரில் வந்த 34 இஞ்ச் கியூடி-ஓலெட் (ஓலெட்டின் ஒரு வகை), அமெரிக்காவில் 1,299 டாலர் விலையில் இந்த வகையை மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டே வருகிறது. தள்ளுபடி நாட்களில் 50,000 ரூபாய் எல்லையை எட்டிப்பார்க்கும் ஆசை எழலாம். ஆனால் எழுத்து வேலை செய்பவர் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். இதுவரை பரவலாக விற்ற கியூடி-ஓலெட் திரைகளில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் முக்கோணமாக அமைந்துள்ளன; அதனால் எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக் கோடு தெரியும். டாஸ்க்பார், எக்செல் தலைப்பு வரிசை போல அசையாமல் நாள் முழுவதும் நிற்பவை காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியலாம். ஜன்னல் வெளிச்சம் நேராக அடிக்கும் அறையில் அதன் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகிவிடும். நம் ஊர் வீடுகளில் பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வோர் இந்த மூன்றாவதை அலட்சியம் செய்யக் கூடாது. இரவில், இருட்டில், விளையாட்டும் சினிமாவும் என்றால் ஓலெட்டுக்கு ஈடில்லை.

வளைவு எதற்கு

1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்று பெட்டியில் இருப்பது வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். எண் சிறியதானால் வளைவு அதிகம். 80 செ.மீ. அகலத் தட்டைத் திரையை 70 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால், நடுப்பகுதி 70 செ.மீ. தூரத்திலும் ஓரம் 80 செ.மீ. தூரத்திலும் இருக்கும். 1500ஆர் வளைவில் ஓரங்கள் 5 செ.மீ. போல முன்னால் வருகின்றன. ஓரத்தின் தூரம் 76 செ.மீ. ஆகிறது. 1800ஆர் வளைவில் 4 செ.மீ. சொச்சம், 1000ஆர் வளைவில் 8 செ.மீ. முன்னே வரும்.

இந்தச் சில சென்டிமீட்டர் கண்ணுக்குச் சிறு உதவி. அதற்கு மேல் புகழ வேண்டியதில்லை. வரைபடம், கட்டட பிளான், பக்க வடிவமைப்பு என்று நேர்கோட்டோடு பிழைப்பு நடத்துபவருக்கு 1000ஆர் எரிச்சல் தரும். அவருக்குத் தட்டையோ மிதமான வளைவோ நல்லது. பின்னால் நாலு பேர் நின்று பார்க்கும் அலுவலகத்திலும் அதிக வளைவு வேண்டாம். தனியாக உட்கார்ந்து விளையாடுபவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

ஹெர்ட்ஸும் கேபிளும்

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி நொடி, 100-இல் 10, 165-இல் 6. முதல் தாவலில் ஏறத்தாழ 7 மில்லி நொடி மிச்சமாகிறது. அடுத்த தாவலில் 4 மட்டுமே. 100 ஹெர்ட்ஸ் வந்தாலே பக்கத்தை உருட்டும்போது எழுத்து வழுக்கிப் போவது கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் உள்ளது விளையாட்டுக்காரர்களின் கணக்கு.

அவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். 3440×1440 என்பது சுமார் 50 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 37 லட்சம். கிராபிக்ஸ் கார்டு மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உழைக்க வேண்டும். 4கே திரையின் 83 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் 1080 திரைக்கு வாங்கிய பழைய கார்டு இங்கே மூச்சு வாங்கும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 21:9 வடிவத்தைத் தருவதில்லை. 'எல்டன் ரிங்' போன்ற பெரிய விளையாட்டுகூட 16:9-இலேயே நிற்கிறது.

கேபிள் விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்போர் உண்டு. 3440×1440 அளவில் எச்டிஎம்ஐ 2.0 போர்ட் 100 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். 144-க்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போல அதிகம் தாங்கும் போர்ட் வேண்டும். பழைய மடிக்கணினிகளின் எச்டிஎம்ஐ பலவற்றில் 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மானிட்டரைப் பார்க்கும் முன் கணினியின் போர்ட்டைப் பார்ப்பதே முறை.

மடிக்கணினிக்காரருக்கு யூஎஸ்பி-சி போர்ட் உள்ள மானிட்டர் பெரிய வசதி. ஒரே கேபிளில் படமும் போகும், சார்ஜும் ஏறும். அதிலும் எத்தனை வாட் என்று கேட்க வேண்டும். 65 வாட் சாதாரண மடிக்கணினிக்குப் போதும். கனமான வேலைக்கான இயந்திரத்துக்கு 90 வாட் தேவைப்படும். அலுவலக மடிக்கணினி ஒன்று, சொந்தக் கணினி ஒன்று என வைத்திருப்பவர், ஒரே கீபோர்டு மௌஸை இரண்டுக்கும் மாற்றித் தரும் கேவிஎம் வசதியையும் விசாரிக்கலாம்.

விலைப்பட்டியலில் தைரியமாக ஒதுக்கிவிடக் கூடியது எச்டிஆர் 400 என்ற முத்திரை. திரைத் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு 2017-இன் கடைசியில் டிஸ்ப்ளே எச்டிஆர் தரவரிசையைக் கொண்டுவந்தபோது, அதன் கீழ்ப்படி 400. திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் வசதி அந்தப் படிக்குக் கட்டாயமில்லை. அது இல்லாத எச்டிஆர், வெளிச்சத்தைக் கூட்டி வைத்த சாதாரணத் திரைதான். இதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

அதே பணத்துக்கு வேறென்ன

அகலத்திரையைத் தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். பக்கத்தில் மற்றவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டு 24 இஞ்ச் மானிட்டர்: விலை குறைவு, மொத்த அகலம் 106 செ.மீ.; ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பி நீண்ட ஆவணம் படிக்கலாம். ஜூம், டீம்ஸ் கூட்டங்களில் ஒரு திரையை மட்டும் பகிர்ந்துவிட்டு மற்றதில் நம் வேலையைப் பார்க்கலாம். அகலத்திரையை முழுதாகப் பகிர்ந்தால் எதிரே 14 இஞ்ச் மடிக்கணினியில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பாகத் தெரியும். ஜன்னலை மட்டும் பகிரப் பழகிக்கொள்ள வேண்டும். இரட்டைத் திரையின் குறை, நம் மூக்குக்கு நேராக வரும் சட்டம். அதனால் ஒன்றை நேராகவும் மற்றதைப் பக்கத்திலும் வைத்து, கழுத்தை ஒரே பக்கம் திருப்பியபடி காலம் தள்ளுகிறோம்.

27 இஞ்ச் 4கே: இஞ்சுக்கு 163 புள்ளி. அச்சுப் புத்தகம்போல எழுத்து நிற்கும். நாள் முழுவதும் தமிழ் படித்து, எழுதி, மெய்ப்புத் திருத்துபவருக்கு இதுவே சரி. அகலத்திரையின் அகலம் அவருக்கு அவ்வளவு உதவாது. வரியை 80 செ.மீ. நீளத்துக்கு யாரும் படிப்பதில்லை.

32 இஞ்ச் 4கே: பரப்பும் அதிகம், உயரமும் அதிகம், இஞ்சுக்கு 138 புள்ளி. நிரல் எழுதுபவருக்கு ஒரே பார்வையில் அதிக வரிகள் தெரியும். நேர்மையாகச் சொன்னால், 34 இஞ்ச் அல்ட்ராவைடின் பலமான போட்டியாளர் இதுதான்.

அப்படியானால் அகலத்திரை யாருக்கு? வேலை பக்கவாட்டில் ஓடுபவருக்கு. வீடியோ எடிட்டிங்கின் டைம்லைன், இசைப்பதிவின் டிராக்குகள், ஐம்பது நெடுவரிசை எக்செல், பங்குச்சந்தை வரைபடம், இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் கணக்காளர், மூலத்தை ஒரு பக்கமும் மொழிபெயர்ப்பை மறுபக்கமும் வைப்பவர். இவர்களுக்கு நடுவில் சட்டம் இல்லாத 80 செ.மீ. பெரிய வரம். விண்டோஸ் 11-இல் ஜன்னல்களை மூன்றாகப் பிரிக்கும் வசதி கூடவே வருகிறது. இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ் இருக்கிறது.

மேசையும் பில்லும்

கடைக்குப் போகும் முன் மேசையை அளக்க வேண்டும். நான்கு அடி நீளம் போதும், இடிப்பது ஆழம். இரண்டடி ஆழமுள்ள மேசையில் ஸ்டாண்டின் கால் பரப்பிக்கொண்டு முன்னே வந்தால், திரை கண்ணுக்கு மிக அருகில் நிற்கும். குறைந்தது 65 முதல் 75 செ.மீ. தூரம் வேண்டும். இல்லையென்றால் மேசை விளிம்பில் பிடிக்கும் ஆர்ம் வாங்க வேண்டும். அது மானிட்டரின் எடையைத் தாங்குமா என்றும், திரையின் பின்னால் 100×100 மி.மீ. துளைகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். உயரம் ஏற்றி இறக்க முடியாத ஸ்டாண்டைப் பணம் மிச்சம் என்று எடுத்தால், பிறகு கீழே புத்தகம் அடுக்குவோம்.

வரியிலும் ஒரு கதை உண்டு. 2019 ஜனவரி முதல் இந்தியாவில் 32 இஞ்ச் வரையுள்ள மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 28 சதவீதமாக இருந்தது. பரப்பில் 32-ஐ விடச் சிறியதாக இருந்தும் 34 இஞ்ச் அகலத்திரை மூலைக்கோட்டின் கணக்கில் உயர் வரிக்குள் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளும் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. பழைய கட்டுரைகளில் உள்ள விலை ஒப்பீட்டை நம்புபவர் இந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். முதல் நாளே முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் எனத் திரையை நிரப்பிச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் உடனே தூக்கிப் போடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது அது இல்லாமல் திண்டாடுவீர்கள்.

முடிவாக

பக்கவாட்டு வேலை உள்ளவருக்கு: 34 இஞ்ச், 3440×1440, ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல், உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட். மடிக்கணினி என்றால் யூஎஸ்பி-சி. விளையாட்டும் சினிமாவும் பாதிப் பொழுதை எடுத்துக்கொள்பவருக்கு: அதே அளவில் 1500ஆர் வளைவுள்ள விஏ, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். ஓலெட் ஆசை உள்ளவர் பட்ஜெட்டை உயர்த்தும் முன், தன் நாளில் எத்தனை மணி நேரம் எக்செலோடு கழிகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். 34 இஞ்ச் 2560×1080 யாருக்கும் வேண்டாம். எழுத்தே தொழில் என்பவர் அகலத்திரை வரிசையைத் தாண்டிப் போய் 27 இஞ்ச் 4கே-யை எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் "எத்தனை இஞ்ச்?" என்று கேட்டால், "எத்தனை புள்ளி உயரம்?" என்று திருப்பிக் கேளுங்கள். 1440 என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.